கருத்தம்மாள் கேட்ட விலை

அருப்புக்கோட்டையில் அச்சாபீஸ் வைத்திருப்பவன் கல்யாணப் பத்திரிகை அடிப்பான், காதுகுத்துக்கு அடிப்பான், கடைகளுக்கு பில் புக் அடிப்பான். எலெக்சன் வந்தால் ரெண்டு கட்சி நோட்டீஸையும் ஒரே மிஷினில் அடித்து ரெண்டு பேரிடமும் நல்லபேர் வாங்கிக்கொள்வான். கருணாகரனும் பதினோரு வருஷமாக இதைத்தான் ஒழுங்காகச் செய்துவந்தான். தறிக்கார வீட்டுப் பிள்ளை தறியை விட்டு அச்சுக்கு வந்ததே பெரிய தாவல், இதற்கு மேல் எங்கேயும் தாவ மாட்டான் என்றுதான் அவன் மனைவி வெங்கடலட்சுமி நிம்மதியாக இருந்தாள். அறுபத்தொன்பதாம் வருஷம் சித்திரையில் அவனுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது.

மிஷின் துடைக்கவும் பார்சல் சுற்றவும் எடைக்கு வாங்கிப் போட்டிருந்த பழைய பேப்பர்க் கட்டில் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று கிடந்தது. அட்டை இல்லை, பாதிப் பக்கமும் இல்லை. இருந்த பக்கங்களில் ஒன்றில் ஒரு படம். படம் என்று சொல்ல அதில் மனுசன் கிடையாது, மரம் மட்டை கிடையாது. கறுப்புக் கோடு, பக்கத்தில் வெள்ளைக் கோடு, மறுபடி கறுப்பு. எல்லாம் ஒரே மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தன. மிஷின் துடைக்க அதைக் கிழிக்கப் போனவன் கை நின்றது. பக்கம் அசைந்தது. ஃபேன் காற்றோ என்று பார்த்தான். அவன் அச்சாபீஸில் ஃபேனே கிடையாது. விரலை வைத்து ஒரு கோட்டை அமுக்கிப் பிடித்தால் அது நின்றது, பக்கத்துக் கோடு ஓடியது. விரலை எடுத்தால் எல்லாமே ஓடியது.

அன்றைக்கு வெங்கடலட்சுமி வைத்துவிட்டுப் போன காப்பி ஆடை கட்டி ஆறிக் கிடந்தது.

கறுப்பு மை, வெள்ளைக் காகிதம். ரெண்டுமே தன்னிடம் இருக்கிறதே என்று தோன்றியதுதான் வினை. பில் புக்கில் கோடு போடுவதற்கென்று அச்சாபீஸில் பித்தளைத் தகடுகள் இருக்கும், ரூல் என்பார்கள். விறைப்பாக, நேராக இருப்பதுதான் அதன் பெருமை. கருணாகரன் பலகையில் ஆணி அடித்து, அந்த ரூல்களை ஒவ்வொன்றாக ஆணிக்கு ஆணி நெளித்து வளைத்தான். அறுபத்தி நாலு ரூல். நடுவில் அதே வளைவில் அட்டைக் கீற்றுகளைச் செருகி, ஓரத்தில் காகிதக் கூழை அடைத்துக் காயவைத்து, எல்லாவற்றையும் மிஷினில் மாட்டும் இரும்புச் சட்டத்துக்குள் முடுக்கினான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் மதியத் தூக்க நேரத்திலும் செய்ததால் வைகாசி முடியும் மட்டும் ஆயிற்று.

வேறொருத்தனாக இருந்தால் முதலில் பெண்டாட்டியிடம் கேட்டுவிட்டுப் பித்தளையை வளைத்திருப்பான். கருணாகரன் வளைத்துவிட்டுச் சொன்னான்.

வீட்டுக்குள் ரெண்டு பேரும் பேசுவது தெலுங்கு. ஆள் வந்தால் தமிழுக்கு மாறிக்கொள்வார்கள். அன்றைக்கு வெங்கடலட்சுமி பேசிய தெலுங்கைத் தமிழில் சொன்னால் இதுதான்:

"அறுபத்தி நாலு ரூலு! பில் புக்குக்கு இனிமே வகிடு எடுக்குற சீப்ப வச்சுக் கோடு போடுவீங்களா? நமக்கு இருக்குறதே ரெண்டு சட்டம். ஒண்ண இது அடைச்சுக்கிட்டா முகூர்த்த சீசன்ல நான் என்ன செய்ய?"

"ஒரு தடவ பாரு. அப்புறம் பேசு."

பார்த்தாள். தலையைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி ஓரக்கண்ணால் பார்த்தாள். அவளுக்குப் பிடித்திருந்தது என்று கருணாகரனுக்குத் தெரிந்தது. பிடித்ததை ஒத்துக்கொள்ளும் ஜாதி இல்லை அவள்.

"நெளியுது," என்றாள். "நெளியட்டும். யாரு வாங்குவா?"

"வாங்குவாங்க."

"சிவகாசியில இருந்து முருகனும் லட்சுமியும் ஏழு கலர்ல காலண்டரா ஓசிக்கு வாராக. உங்க கோட்டுக்குத் துட்டுக் குடுத்து வாங்குவாகளாக்கும்."

கடைசியில் வீட்டுக்குள்ளேயே பஞ்சாயத்து முடிந்தது. ஆனியில் முகூர்த்தம் கம்மி, ஆடியில் அறவே கிடையாது. அந்த ரெண்டு மாசமும் சட்டம் அப்படியே இருக்கட்டும். ஆடி முடிவதற்குள் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு படத்தை வாங்கினால் போதும், சட்டத்தை அவள் தொட மாட்டாள். சொந்தக்காரர் வாங்கினால் சேர்த்தி இல்லை. பத்திரிகை அடிக்க வந்த இடத்தில் முகதாட்சணியத்துக்கு வாங்கினாலும் இல்லை. தானாகக் கேட்டு வாங்க வேண்டும். யாரும் வாங்காவிட்டால் ஆவணி ஒண்ணாம் தேதி சட்டத்தைப் பிரித்து, ரூலைத் தட்டி நிமிர்த்த முடிந்ததை நிமிர்த்திவிட்டு, மிச்சத்தைப் பாத்திரக் கடைக்குப் போட வேண்டியது.

கருணாகரன் சரி என்று தலையாட்டினான். ஒரு ஆள் என்ன, ஒன்பது ஆள் வருவான் என்று அவனுக்கு நம்பிக்கை. நாற்பது தாள் அடித்ததில் தேறியது பன்னிரண்டு. மை கொஞ்சம் கூடினால் வெள்ளைக் கோடு அடைத்துப்போனது, குறைந்தால் கறுப்பு நரைத்தது. தேறியதில் ஒன்றைச் சுவரில் மாட்டி, பக்கத்தில் சிலேட்டில் 'விலை ரூ.5' என்று எழுதித் தொங்கவிட்டான்.

படத்தின் கவர்ச்சிக்கு ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். பத்திரிகைக்கு மாதிரி பார்க்க வந்த ஆட்கள் மாதிரியை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள். மல்லாங்கிணறு ராமசுப்பு தன் மகள் கல்யாணப் பத்திரிகையின் புரூஃப் திருத்த வந்து, அரை மணி நேரம் படத்தைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை பெயரில் இருந்த பிழையை விட்டுவிட்டார். தறிக்காரர் வெங்கடசாமி மாமா வந்தார். பாவு ஓட்டி ஓட்டிப் பழகின கண், நூல் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துச் சுவரண்டை போய்ப் படத்தைத் தடவிச் சரிபண்ணப் பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டால் வாசலில் பிள்ளைகள் கூட்டம். யார் கண் சிமிட்டாமல் அதிக நேரம் பார்க்கிறார்கள் என்று போட்டி.

எல்லோரும் ஒரே மாதிரி "அருமையா இருக்கு" என்றார்கள். ஒருத்தர் கூட விலை கேட்கவில்லை. சிலேட்டை வாசித்தவர்களும் ஏதோ சாமி பெயரை வாசித்த மாதிரி வாசித்துவிட்டுப் போனார்கள்.

ஆனி கடைசியில் வெங்கடரமணன் வந்தான். வெங்கடலட்சுமிக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை, மெட்ராஸில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் வேலை. அவன் படத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"மச்சான், இதுக்கு வெளிநாட்டுல ஆப் ஆர்ட்னு பேரு, கண்ண ஏமாத்துற படம். லண்டன்ல பொம்பளைக சட்டையில எல்லாம் இதத்தான் போட்டுத் திரியுதாங்களாம். படமா வாங்கினா நம்ம துட்டுக்கு ஆயிரக்கணக்குல போகுது. நீங்க இங்க உக்காந்து, பில் புக் ரூல வளைச்சுப் பண்ணியிருக்கீங்க பாருங்க, அதுதான் மச்சான் பெருசு."

இப்படியே ஒரு மணி நேரம் பேசினான். கோடு எங்கே நெருங்குகிறது, எங்கே விலகுகிறது, கண் எதனால் ஏமாறுகிறது என்று விரல் விட்டுக் காட்டினான். கருணாகரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. தான் செய்தது என்ன என்று தனக்கே இன்னொருத்தன் எடுத்துச் சொல்வது எவ்வளவு பெரிய சந்தோஷம்! வெங்கடரமணன் ரெண்டு காப்பியும் ஒரு தட்டு சேவும் சாப்பிட்டுவிட்டு, பிரமாதம் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டே மதுரை பஸ்ஸுக்குப் போனான்.

"சொந்தக்காரன் சேர்த்தி இல்லைதான்," என்றாள் வெங்கடலட்சுமி தம்ளரைக் கழுவிக்கொண்டே. "ஆனாலும் வெல என்னன்னு ஒரு வார்த்த கேட்டானா?"

கேட்கவில்லை. கருணாகரனுக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. லண்டனில் ஆயிரம் விற்கிற சரக்கு அருப்புக்கோட்டையில் அஞ்சுக்குப் போகவில்லை என்றால், கோளாறு சரக்கிலா, ஊரிலா, தன்னிடமா என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தான்.

இதற்கு நடுவில் ஒரு படம் வீட்டை விட்டுப் போகத்தான் செய்தது. பந்தல்குடி ரோட்டில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் மாரிச்சாமி, கருணாகரனோடு எட்டாவது வரை ஒரே பெஞ்சில் இருந்தவன். முறிவு எண்ணெய்க்கு லேபிள் அடிக்க ஆனி முதல் வாரமே வந்தவன், சுவரிலிருந்ததைக் கழற்றிச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டான்.

"ஏலே, துட்டு?" என்றான் கருணாகரன்.

"ஏலே, ஒனக்குக் கை ஒடிஞ்சா ஓசியில கட்டுறேன். வச்சுக்க."

கூட்டாளியிடம் மேலே என்ன பேசுவது? அதுவும் சேர்த்தி இல்லாமல் போயிற்று. சுவரில் இன்னொன்றை எடுத்து மாட்டினான். பத்து நாள் கழித்து லேபிள் வாங்க வந்தவன் ஒரு குறையும் சொன்னான். படம் கொஞ்சம் சின்னதாக இருக்கிறதாம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்த கதை. ஆனால் படம் நல்ல வேலை செய்கிறது என்றான். எலும்பை இழுத்துப் பொருத்தும்போது ஆள் திமிறக் கூடாது. முன்னெல்லாம் ரெண்டு பேர் பிடிக்க வேண்டும். இப்போது எதிர்ச் சுவரில் படத்தை மாட்டிவிட்டு, "அந்தா அந்தக் கோடு ஓடுதா, நிக்குதா, பாத்துச் சொல்லு" என்கிறானாம். ஆள் பார்க்கும். ஓடுது என்று வாயெடுக்கும். அதற்குள் டக்கென்று எலும்பு இடத்துக்கு வந்துவிடும்.

கருணாகரனுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பார்த்துப் பார்த்து அடித்த படத்தை இவன் கோழி அமுக்குகிற கூடை மாதிரி ஆக்கிவிட்டானே என்று இருந்தது. வெங்கடலட்சுமி மட்டும் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

ஆடி பிறந்தது. காற்று பிறந்தது. கரிசல்காட்டுப் புழுதியெல்லாம் எழும்பி அச்சாபீஸுக்குள் வந்து மையில் விழுந்தது. கூழ் ஊற்றுகிற நோட்டீஸ் தவிர வேலை இல்லை. நாள் ஒவ்வொன்றாகக் கழிந்தது. ஆடிப் பதினெட்டு முடிந்ததும் ஆவணிக் கல்யாணக்காரர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரே சட்டத்தை வைத்து வெங்கடலட்சுமி சமாளித்தாள், வாயால் ஒன்றும் சொல்லவில்லை. நாள்காட்டியில் தாள் கிழிக்கும்போது மட்டும் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது. கருணாகரன் போகும்போதும் வரும்போதும் அந்தச் சட்டத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதைப் பிரித்துவிட்டால் மறுபடி ஒரு தரம் அப்படி வளைக்கத் தன்னால் ஆகாது என்று அவனுக்குத் தெரியும்.

ஆடி முடிய ரெண்டு நாள் இருக்கும்போது, மதியத்துக்கு மேல் அவள் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். காட்டு வேலை செய்து இறுகிய உடம்பு. வலது மணிக்கட்டு மட்டும் இடதைவிட மெலிந்து வெளுத்திருந்தது. முறிவு எண்ணெய் வாடை அவளுக்கு முன்னால் உள்ளே வந்தது.

"நெளியுற படம் அடிக்கிறது இங்கதானா அண்ணாச்சி?"

"ஆமா. நீங்க எங்கிட்டு இருந்து?"

"எம்.ரெட்டியபட்டி. பேரு கருத்தம்மா. பருத்திமாரு வெறகுக் கட்டோட வரப்புல விழுந்து கை ஒடிஞ்சுபோச்சு. மாரிச்சாமி வைத்தியரு கட்டுப் போட்டாரு. அங்கன சொவத்துல பாத்தேன். எட்டு நாளைக்கு ஒருக்கா கட்டு மாத்தப் போவேன், பாப்பேன். நேத்துக் கட்டப் பிரிச்சுட்டாரு. இனிமே வர வேண்டாம்னுட்டாரு."

"அப்ப நல்லதுதான்?"

"கைக்கு நல்லதுதான்." அவள் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அந்தப் படத்தக் கேட்டேன். தொழில் சாமான், தர மாட்டேன்னாரு. இங்க வழி சொன்னாரு. என்ன வெல?"

ரெண்டு மாசத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வி. கருணாகரன் சிலேட்டைக் காட்டினான். அவளுக்கு எழுத்துத் தெரியாது. உள்ளேயிருந்து கையைத் துடைத்தபடி வந்த வெங்கடலட்சுமிதான் பதில் சொன்னாள்.

"அஞ்சு ரூபா."

"ஆத்தாடி! காயிதத்துக்கா அஞ்சு ரூபா? நாலு நாளு காட்டுல கெடந்தாத்தான் அஞ்சு ரூபா." கருத்தம்மாள் படத்தண்டை போனாள். அவள் முகம் கடுகடுவென்று மாறியது. "இதுல என்ன இருக்கு? சாமி இருக்கா, இல்ல. ஆளு இருக்கா, இல்ல. ஒரு பூவு கூட இல்ல. கலரும் இல்ல. கறுப்பு மையாச்சும் முழுசாப் போட்டிருக்கா? பாதிக் காயிதம் வெள்ளையா அப்படியே கெடக்கு!"

கருணாகரனுக்குச் சுருக்கென்றது. பிடிக்காவிட்டால் போக வேண்டியதுதானே, இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து திட்ட வேண்டுமா? "வேண்டாட்டி விட்டுருங்க" என்று சொல்ல வாயெடுத்தான். வெங்கடலட்சுமி தெலுங்கில் முந்திக்கொண்டாள்.

"வாயத் தெறக்காதீங்க. வேண்டாதவ இத்தன கொற சொல்ல மாட்டா. ரமணன் ஒரு கொறையாவது சொன்னானா? நீங்க சும்மா நில்லுங்க."

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. புடவை எடுக்கப் போனால் தன் அம்மா என்ன செய்வாள்? பிடித்த புடவையைத்தான் தூக்கிப் போட்டுத் திட்டுவாள். பிடிக்காததை "நல்லாருக்குப்பா" என்று சொல்லி மடித்து வைத்துவிட்டு எழுந்து வருவாள். ரெண்டு மாசமாக ஊரே தன்னிடம் நல்லாருக்கு என்று சொல்லி எழுந்து போயிருக்கிறது. அதை நம்பிச் சட்டையைப் பெருமையாக இழுத்துவிட்டுக்கொண்டு திரிந்திருக்கிறான்.

"ஒண்ணே கால் ரூபா," என்றாள் கருத்தம்மாள்.

"நாலரை," என்றாள் வெங்கடலட்சுமி.

"என்ன தாயி, இப்பத்தான் கட்டுப் பிரிச்ச கை. ரெண்டு மாசமா கூலி இல்ல. ஒண்ணரை."

கருணாகரனால் பொறுக்க முடியவில்லை. இப்படி ஒருத்தி வந்து கேட்டதே போதும் என்று இருந்தது அவனுக்கு. "அம்மா, நீங்க சும்மாவே கொண்டு..." என்று ஆரம்பித்தான். வெங்கடலட்சுமி அவன் காலை மிதித்தாள். சுண்டுவிரலில் நல்ல மிதி.

"சும்மா குடுத்தா கொண்டு போயி மாவுப்பானைய மூடுவா," என்றாள் தெலுங்கில், சிரித்த முகம் மாறாமல். "நம்ம பேச்சுப்படி சேர்த்தியும் இல்ல. சட்டம் பிரிஞ்சுரும். பேசாம இருங்க, இவளுக்கு இது ரொம்ப வேணும். போற மாதிரிப் போவா. திரும்பி வருவா, பாருங்க."

கருத்தம்மாள் முந்தானையை உதறிச் செருகினாள். "ரெண்டு ரூபா. இதுக்கு மேல சல்லி கெடையாது. இல்லாட்டி நாலு மணி பஸ்ஸுக்கு நான் போறேன்."

"மூணரைக்குக் கம்மி இல்லக்கா."

"அப்ப வாரேன்."

இறங்கிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. தெருமுனையில் வேப்பமரத்தடிதான் பஸ் நிற்கிற இடம். அவள் வேகமாக நடந்து அந்த மரத்துக்குப் பாதி தூரம் போய்விட்டாள். நாலு மணிக்குக் கால் மணி நேரம்கூட இல்லை. கருணாகரன் வாசலுக்கு ஓடினான். சட்டையின் பின்பக்கத்தை வெங்கடலட்சுமி பிடித்துக்கொண்டாள்.

"விடு. போயிருவா."

"போக மாட்டா."

"ஒரு ஒண்ணரை ரூபாய்க்காக..."

"ஒண்ணரை ரூபாய்க்காக இல்ல. நீங்க ஓடிப் போயிக் குடுத்தா, நாளப்பின்ன நீங்களே அவ வாங்கினானு நம்ப மாட்டீங்க."

கருணாகரன் நின்றான். அந்த அம்மாள் மரத்தடிக்குப் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். காற்று அவள் சேலையை ஒரு பக்கமாக இழுத்தது. கருணாகரன் சட்டத்தைக்கூட மறந்துவிட்டான். அவள் திரும்ப வேண்டும், அவ்வளவுதான், வேறு ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது.

அவள் திரும்பினாள். போனதைவிட மெதுவாக நடந்து வந்தாள். வாசலில் ஏறி வெங்கடலட்சுமியை நேராகப் பார்த்தாள்.

"நீ சொன்னபடியே திரும்பி வந்துட்டேன் தாயி."

வெங்கடலட்சுமிக்கு முகம் வெளுத்தது.

"எங்க மொதலாளி வீட்டுல பூராம் தெலுங்குதான். முப்பது வருசமா அவுக காட்டுலதான் பருத்தி எடுக்குறேன். பேச வராது. காதுல விழுந்தா வெளங்கும்." கருத்தம்மாள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். "மாவுப்பானைய மூடவா இம்புட்டுத் தூரம் வந்தேன்?"

வெங்கடலட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவளும் சிரித்தாள். இனி யாரிடமும் மறைக்க ஒன்றும் இல்லாததால் பேரம் சுருக்காக முடிந்தது. ரெண்டே முக்கால் ரூபாய்.

"சொவத்துல உள்ளது வேண்டாம், வெயிலு பட்டது," என்றாள் கருத்தம்மாள். "உள்ள இருக்குறதக் காட்டுங்க."

"எல்லாம் ஒண்ணுதானம்மா. ஒரே அச்சு," என்றான் கருணாகரன்.

"காட்டுங்க."

மிச்சமிருந்த பத்துத் தாளையும் கொண்டுவந்து வைத்தான். அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள், மெல்லக் கிட்டே கொண்டுவந்தாள், மறுபடி நீட்டினாள். கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி தயவு தாட்சணியம் இல்லாமல் ஒதுக்கினாள்.

"இது கலங்கிக் கெடக்கு." ஒதுக்கினாள். மை கூடின தாள் அது. "இது வத்திப்போன தண்ணி." அது மை குறைந்தது. "இதுல காத்தே இல்ல."

"என்ன தண்ணி?" என்றான் கருணாகரன்.

அவள் அவனை வேடிக்கையாகப் பார்த்தாள். இதை அடித்தவனுக்கே தெரியவில்லையா என்ற பார்வை. "எங்க ஊருக் கம்மாய். நெறஞ்சு நாலு வருசம் ஆச்சு. இப்ப அதுக்குள்ள வண்டிப்பாதை கெடக்கு. நெறஞ்ச கம்மாயில சாயங்காலம் காத்து வந்தா இப்படித்தான், கரைய ஒட்டி ஒரு மாதிரி, நடுவுல ஒரு மாதிரி ஓடும். தண்ணி எங்கயும் போகாது. ஆனா ஓடும். வைத்தியரு கைய இழுத்தப்ப இதப் பாத்தேன். வலியே தெரியல அண்ணாச்சி. கம்மாய்க்கரையில இருந்தேன்."

தண்ணீரைக் கருணாகரன் நினைத்தே பார்த்தது கிடையாது. ஆணிக்கு ஆணி ரூலை நெளித்துக்கொண்டிருந்தபோது அவன் நினைத்ததெல்லாம் அடுத்த ஆணியைத்தான். ஆனால் அவள் சொன்ன பிறகு அதைத் தவிர வேறு எதுவும் அந்தத் தாளில் தெரியவில்லை.

அவள் கட்டின் அடியிலிருந்து ஒன்றை உருவினாள். அவனுக்குத் திக்கென்றது. ஏழாவதாக அடித்த தாள் அது. அன்றைக்கு மை சரியான பக்குவத்துக்கு வந்து, உருளையும் காகிதமும் ஒன்றுக்கொன்று ஒத்துக்கொண்ட ஒரே ஒரு தடவை. அதற்கு முன்னாலும் அப்படி வரவில்லை, பின்னாலும் வரவில்லை. யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்று அடியில் செருகி வைத்திருந்தான். வெங்கடலட்சுமியிடம்கூடச் சொன்னதில்லை.

கருத்தம்மாள் அதை நீட்டிப் பிடித்தாள். கிட்டே கொண்டுவரவில்லை. அப்படியே இருந்தாள்.

"இது," என்றாள்.

"அது வேண்டாம்," என்றான் கருணாகரன் அவசரமாக. "அது விக்கிறதுக்கில்ல. வேற எடுங்க. ரெண்டு ரூபாய்க்கே தாரேன். ஒண்ணரைக்குத் தாரேன்."

வெங்கடலட்சுமி அவனை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். சும்மா கொண்டு போங்கள் என்றவன் இந்த மனுசன்தானா?

"அப்ப நல்லதெல்லாம் உங்களுக்கு, மத்ததெல்லாம் விக்கிறதுக்கா?" என்றாள் கருத்தம்மாள். கோபமாகக் கேட்கவில்லை. தாளைப் பத்திரமாக மற்றவற்றின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள். "இது இல்லாட்டி எனக்கு ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. பஸ்ஸு வந்துரும்."

இந்தத் தடவை அது பேரம் இல்லை. மூன்று பேருக்கும் தெரிந்தது. தெலுங்கிலும் பேசிப் பிரயோஜனமில்லை. வெங்கடலட்சுமி பச்சைத் தமிழிலேயே சொன்னாள்.

"குடுங்க. உங்களுக்குத் தெரிஞ்சது அவுகளுக்கும் தெரிஞ்சிருக்கு. இனிமே இப்படி ஒரு ஆளு கெடைக்க மாட்டா."

கருணாகரன் அந்தத் தாளைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். லண்டனில் ஆயிரம் என்றபோது இல்லாத கனம் அந்தத் தாளுக்கு இப்போது வந்திருந்தது. பிறகு அதைச் சுருட்டினான், பத்திரிகை கட்டுகிற நூலால் கட்டினான், முடிச்சை ரெண்டு தடவை இறுக்கினான். கொடுத்தான். கருத்தம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ரெண்டு ரூபாய்த் தாளையும் மூணு நாலணாவையும் அவன் உள்ளங்கையில் வைத்தாள். வலது கையால்தான் வைத்தாள். ஒடிந்து சேர்ந்த கை.

"கம்மாய் பெருகுனா இதத் திருப்பிக் கொண்டாந்து துட்டக் கேப்பேன்னு நெனைச்சுக்கிறாதீக," என்றாள். "அப்ப ரெண்டையும் வச்சுப் பாப்பேன்."

அவள் போன பிறகு வெங்கடலட்சுமி சட்டத்தைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து, மேலே ஒரு துணியைப் போட்டு மூடினாள். இனி அது அங்கேதான் இருக்கும் என்று அர்த்தம். ஒரு சட்டத்தை வைத்து ஆவணியை ஓட்டிக்கொள்வேன் என்றும் சேர்த்து முணுமுணுத்தாள். கருணாகரன் கேட்டும் கேட்காமலும் வாசலில் நின்றான். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆசை ஆசையாக வளர்த்த மகளை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு நிற்கிற சந்தோஷம்.

மரத்தடியில் கருத்தம்மாள் நூலை அவிழ்த்துவிட்டாள். ரெண்டு முடிச்சையும் எப்படி அத்தனை சீக்கிரம் அவிழ்த்தாளோ. சுருளை விரித்து, காற்று பிடுங்காமல் ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலு மணி பஸ் வந்தது. புழுதியோடு வந்து, ஹாரன் அடித்து நின்றது. ரெண்டு பேர் இறங்கினார்கள், மூணு பேர் ஏறினார்கள். கண்டக்டர் தலையை நீட்டி அவளைப் பார்த்து ஏதோ சத்தம் போட்டான். விசில் அடித்தான். பஸ் போய்விட்டது. புழுதி அடங்கியபோது அவள் அதே இடத்தில் அதே மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

வெங்கடலட்சுமி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "அடி ஆத்தே, பஸ்ஸ விட்டுட்டாளா? அடுத்தது ஆறு மணிக்குத்தான். கூப்பிடுங்க, காப்பி போடுறேன்."

"ம்," என்றான் கருணாகரன்.

அவன் கூப்பிடவில்லை. அவள் பார்த்து முடிக்கட்டும் என்று நின்றான்.